கோல்டன் பேரைச் சொன்னதும் கிரீன் பே ஏன் அப்படிக் குதிச்சுது?

ஆப்பிள்டன்_புதுவரவு | வெள்ளி காலை

வணக்கம் மக்களே. விஸ்கான்சினுக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் தாண்டியிருக்கேன். அமெரிக்கன் ஃபுட்பால் இப்பத்தான் பழகுறேன், டச்டவுன், ஃபீல்ட் கோல் வரைக்கும் புரியும். நேத்து 2025 ஏப்ரல் 24, என்எஃப்எல் (இங்க இருக்கிற தொழில்முறை லீக்) டிராஃப்டோட, அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரங்களை எடுக்கிற நிகழ்ச்சியோட, முதல் ரவுண்டு கிரீன் பேயில லாம்போ மைதானத்துக்கு வெளியிலயே நடந்துச்சு. நுழைவு இலவசம்னு ஆபீஸ் பசங்க இழுத்துட்டுப் போனாங்க. யாரோ ஒருத்தர் வீட்டுப் புல்வெளியில காசு கொடுத்து காரை நிறுத்திட்டு நடந்தோம். மொத்த ஊருக்கே ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான், ஆனா கூட்டம் 2,05,000னு அறிவிச்சாங்க.

23வது பிக் (ஆளை எடுக்கிற வாய்ப்பு) கிரீன் பே அணி பேக்கர்ஸோடது. அணியோட தலைவர் மார்க் மர்ஃபியே மேடைக்கு வந்து மேத்யூ கோல்டன், வைட் ரிசீவர் (எறியிற பந்தை ஓடிப் போய்ப் பிடிக்கிறவர்), டெக்சாஸ் பல்கலைக்கழகம்னு படிச்சார். அவ்வளவுதான். என் பக்கத்துல சீஸ் தொப்பி போட்டு நின்ன ஒரு பெரியவர், முன்னப்பின்ன தெரியாதவர், என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். கண்ணுல தண்ணி. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல.

என் சந்தேகம் இதான். அந்தப் பையனுக்கு 21 வயசு. தொழில்முறை ஆட்டம் ஒண்ணுகூட இன்னும் ஆடல. கோப்பை ஜெயிச்ச மாதிரி இவ்வளவு பேர் ஏன் குதிக்கணும்? இது நம்ம ஐபிஎல் ஏலம் மாதிரிதானா? இன்னொண்ணு, ஆபீஸ்ல கூட வந்தவர் ஒருத்தர் மட்டும் கைதட்டாம "இதை 2020லயே செஞ்சிருக்கணும்"னு முணுமுணுத்தார். 2020ல என்ன நடந்துச்சு?

---

பேப்பர்மில்_அண்ணாச்சி | வெள்ளி காலை

தம்பி, அந்தப் பெரியவரைத் தப்பா நெனைக்காதீங்க. நானும் நேத்து அந்தக் கூட்டத்துலதான் நின்னேன். நானும் கத்தினேன். ஃபாக்ஸ் ஆத்தங்கரையில ஒரு காகித ஆலையில ஷிப்ட் பாக்கேன். எங்க ஆலையில திங்கக்கிழமை காலையில யாரு முகத்தைப் பாத்தாலும் ஞாயித்துக்கிழமை ஆட்டத்தோட முடிவு தெரிஞ்சிரும்.

ஐபிஎல் ஏலம் மாதிரி இல்ல. அங்க காசு வச்சிருக்கவன் கையைத் தூக்குதான். இங்க காசுக்கு வேலையே கிடையாது. கல்லூரியில ஆடி முடிச்ச பயலுவளை 32 அணியும் ஏழு ரவுண்டா வரிசை போட்டு எடுக்கும். போன வருஷம் கடைசியில கிடந்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை ஜெயிச்சவனுக்குக் கடைசி வாய்ப்பு. எத்தனாவது இடத்துல எடுத்தானோ அதுக்குத் தகுந்த சம்பளம், கிட்டத்தட்ட முன்னாலயே எழுதி வச்சது. பையனுக்கு ஊரைப் பிடிக்கலைன்னாலும் வேற அணியோட பேரம் பேச முடியாது. வேணும்னா ரெண்டு அணி ஒண்ணுக்கொண்ணு இடத்தை மாத்திக்கிடலாம். இந்த முறை இல்லாம இருந்திருந்தா நம்ம ஊரு மாதிரி சின்ன ஊருக்கு இன்னைக்கு அணியே இருக்காது. எந்தப் பெரிய ஆட்டக்காரன் நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சலஸையும் விட்டுட்டு மைனஸ் இருபதுல வந்து நிப்பான்?

இப்ப கோல்டன் விஷயம். பேக்கர்ஸ் முதல் ரவுண்டுல ஒரு ரிசீவரை எடுத்து 23 வருஷம் ஆச்சு. கடைசியா எடுத்தது 2002ல, ஜேவான் வாக்கர், 20வது பிக். 2004ல பந்து பிடிச்சு 1,382 கெஜம், 12 டச்டவுன். அடுத்த வருஷம் சம்பளம் பத்தலைன்னு முறுக்கினான், முதல் ஆட்டத்துலயே முழங்கால் போச்சு, 2006ல டென்வருக்கு அனுப்பிட்டாங்க. அதோட சரி. ஆரன் ராட்ஜர்ஸ், எங்க குவார்ட்டர்பேக், அதாவது ரிசீவருக்குப் பந்து எறியிறவரு, இங்க 18 சீசன் இருந்தாரு, நாலு தடவை எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கினாரு. அந்த 18 வருஷத்துல அவருக்குன்னு முதல் ரவுண்டுல ஒரு ரிசீவர்கூட எடுத்துக் கொடுக்கல.

நிர்வாகத்து மேல முழுப் பழியும் போட முடியாதுங்கதையும் சொல்லணும். டெட் தாம்ப்சன் ஜி.எம்.மா (ஆளுங்களை எடுக்கிற பொது மேலாளரா) இருந்தப்போ ரெண்டாவது ரவுண்டுலயே முத்து முத்தா எடுத்தாரு. கிரெக் ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், ராண்டல் காப், தவான்டே ஆடம்ஸ், நாலு பேரும் ரெண்டாவது ரவுண்டுதான். அப்படிக் கிடைக்கும்போது முதல் ரவுண்டை ஏன் செலவழிக்கணும்னு அவங்க கேட்டா பதில் சொல்ல முடியாது. ஆனா ஆதங்கத்துக்குக் கணக்கு தெரியுமா தம்பி?

2020 கதைக்கு வாரேன். அதுக்கு முந்தின சீசன் 13 ஜெயிச்சு 3 தோத்தோம். கோப்பைக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அதுல சான் பிரான்சிஸ்கோ நம்மள 37-20ன்னு அடிச்சு விரட்டிட்டான். ராட்ஜர்ஸுக்கு 36 வயசு. ஊரு பூராவும் ஒரே பேச்சு, ஆடம்ஸுக்குத் துணையா இன்னொரு ரிசீவர் வேணும். அந்த வருஷம் ரிசீவர் பஞ்சமே இல்லாத வருஷம். கொரோனா காலம், மேடையும் கிடையாது கூட்டமும் கிடையாது, கமிஷனர் ரோஜர் குடெல் தன் வீட்டு நிலவறையில உக்காந்து பேர் வாசிக்காரு. நாங்க ஆலைக்காரங்க வாட்ஸாப் குரூப்புல உக்காந்திருக்கோம்.

நம்ம முறை 30. 22ல ஜஸ்டின் ஜெஃபர்சனை நம்ம பக்கத்து மாநிலத்து எதிரி மினசோட்டா வைக்கிங்ஸ் கொண்டுபோனான். 25ல பிராண்டன் ஐயூக்கை அதே சான் பிரான்சிஸ்கோ கொண்டுபோனான். ஆறு ரிசீவர் காலி. அப்ப செய்தி வருது, பேக்கர்ஸ் ஒரு நாலாவது ரவுண்டு பிக்கையும் சேத்து மயாமிக்குக் கொடுத்து 26க்கு ஏறுதாங்க. குரூப்புல ஒரே கும்மாளம். மேல ஏறுதான்னா யாரையோ குறி வச்சிட்டான்னுதானே அர்த்தம்!

ஜோர்டன் லவ். ராட்ஜர்ஸ் மாதிரியே குவார்ட்டர்பேக். யூட்டா ஸ்டேட் கல்லூரி. அதுக்கு முந்தின சீசன்ல 17 தடவை பந்தை எதிராளி கையில கொடுத்த பையன்.

ஒரு அஞ்சு நிமிஷம் குரூப்புல ஒருத்தனும் ஒரு எழுத்து போடல. அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க. நம்ம லைன் லீடர், அறுபதை நெருங்குன மனுஷன், சர்ச்சுல பாட்டுப் பாடுதவரு, அவரு டைப் பண்ணின வார்த்தையை நான் இங்க எழுத மாட்டேன். வேற பெரிய ஊர்ல இருந்திருந்தா ஜி.எம். வீட்டு வாசல்ல போய்க் கத்தியிருப்பாங்க, இங்க நோய்க்குப் பயந்து எல்லாரும் உள்ள கிடந்தோம். ராட்ஜர்ஸே அன்னைக்கு ராத்திரி ஒரு கிளாஸ் டெக்கீலா ஊத்திக்கிட்டதாப் பின்னால ஒரு பேட்டியில சொன்னாரு. அந்த டிராஃப்ட் ஏழு ரவுண்டும் முடிஞ்சுது, ஒரே ஒரு ரிசீவர்கூட எடுக்கல.

உங்க ஆபீஸ் ஆளு முணுமுணுத்தது இதைத்தான். ஜெஃபர்சன் முதல் வருஷமே 1,400 கெஜம் ஓடினான். வைக்கிங்ஸ் நம்ம பிரிவு அணிங்கதால வருஷத்துக்கு ரெண்டு தடவை நம்ம கண்ணு முன்னாலயே ஆடிட்டுப் போறான்.

2022ல இன்னொரு தடவை. ஆடம்ஸையே ரெய்டர்ஸ் அணிக்குக் கொடுத்துட்டு முதல் ரவுண்டுல ரெண்டு பிக் கையில வச்சிருந்தோம், 22ம் 28ம். இப்பவாவதுன்னு உக்காந்தா, நம்ம முறை வர்றதுக்குள்ள மறுபடியும் ஆறு ரிசீவர் போயாச்சு. ரெண்டு பிக்கும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல இருந்து தடுப்பாட்டக்காரங்க.

போன சீசன் கடைசி ஆட்டத்துல எங்க ரிசீவர் கிறிஸ்டியன் வாட்சனுக்கு முழங்கால் தசைநார் கிழிஞ்சுது. அடுத்த வாரம் பிலடெல்பியாவுல பிளேஆஃப் (தோத்தா வெளிய போற ஆட்டம்), ஆட்டத்து நடுவுல இன்னும் ரெண்டு ரிசீவர், ரோமியோ டூப்ஸும் ஜேடன் ரீடும், அடிபட்டு வெளிய போயிட்டாங்க. லவ் பந்தை வச்சுக்கிட்டு யாருக்கு எறியன்னு பாக்கான், ஆளே இல்ல. 22-10, கதை முடிஞ்சுது. எங்க ஓட்டக்காரர் (பந்தை ஏந்திட்டு ஓடுறவரு) ஜோஷ் ஜேகப்ஸே, நமக்கு ஒரு நம்பர் ஒன் ரிசீவர் வேணும்னு பிப்ரவரியில வெளிப்படையாச் சொல்லிட்டாரு. இதையெல்லாம் மனசுல கட்டி வச்சிருந்த கூட்டத்துக்கு முன்னால, சொந்த ஊர்ல, சொந்த மைதானத்து வாசல்ல "வைட் ரிசீவர்"னு மர்ஃபி சொன்னா?

அந்தச் சத்தம் கோல்டனுக்காக இல்ல தம்பி. அவன் யாருன்னு அதுல பாதிப் பேருக்குத் தெரியாது. 23 வருஷத்துக்காகப் போட்ட சத்தம் அது.

---

ப்ராட்_ஸ்ட்ரீட் | வெள்ளி மதியம்

22-10ஐ ஞாபகப்படுத்தினதுக்கு நன்றி அண்ணாச்சி, காலையிலயே மனசு குளிர்ந்துச்சு. (பிலடெல்பியா ஈகிள்ஸ். 2024 சீசன் சாம்பியன். சும்மா சொல்லி வைக்கிறேன்.)

புதுவரவு நண்பா, டிராஃப்ட் ராத்திரிக் கூச்சலைப் பத்திப் படிக்கணும்னா எங்க ஊர்தான் பல்கலைக்கழகம். 1999. ஈகிள்ஸுக்கு ரெண்டாவது பிக். ஊர் பூரா ரிக்கி வில்லியம்ஸ்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. டெக்சாஸ் ஓட்டக்காரன், முந்தின வருஷம் ஹைஸ்மன் கோப்பை (கல்லூரியோட சிறந்த ஆட்டக்காரன் விருது) வாங்கினவன். எங்க ஊர் விளையாட்டு வானொலி ஒண்ணு ஒரு முப்பது ரசிகர்களை பஸ்ல ஏத்தி நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனுக்கே கூட்டிட்டுப் போச்சு. வில்லியம்ஸுக்குப் பதிலா குவார்ட்டர்பேக் டானவன் மெக்னாப் பேரைச் சொன்னதும் அந்த முப்பது பேரும் எழுந்து நின்னு ஊளையிட்டாங்க. அந்தப் பையன் அம்மா அப்பா முன்னாடி மேடையில நின்னுக்கிட்டு இருக்கான்!

அதுக்கப்புறம் அதே மெக்னாப் எங்களை அஞ்சு தடவை என்எஃப்சி இறுதிக்கு (சூப்பர் பௌலுக்கு முந்தின ஆட்டம்) கூட்டிட்டுப் போனார், ஒரு தடவை சூப்பர் பௌலுக்கும். அவர் போட்ட 5ஆம் நம்பரை இனி யாருக்கும் கொடுக்கிறதில்லன்னு கிளப்பே மூட்டை கட்டி வச்சிடுச்சு. ரிக்கி வில்லியம்ஸை நியூ ஆர்லியன்ஸ் எடுத்தாங்க. அந்த வருஷத்துல பாக்கியிருந்த எல்லா பிக்கையும் அடுத்த வருஷத்து முதல் ரவுண்டையும் அந்த ஒரு ஆளுக்காக அள்ளிக் கொடுத்து. அந்த சீசன் மூணே மூணு ஆட்டம் ஜெயிச்சாங்க.

எனக்கு அப்போ 12 வயசு. நானும் டிவி முன்னாடி ஊளையிட்டேன், அப்பா பண்ணினார்னு.

அப்புறம், ஜெஃபர்சன் உங்களுக்குக் கிடைக்கலன்னு அழாதீங்க. 2020ல 21வது பிக் எங்களோடது. அவனை விட்டுட்டு ஜேலன் ரேகர்ங்கிற ரிசீவரை எடுத்தோம். ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ரேகரை அதே வைக்கிங்ஸுக்கே அனுப்பி வச்சோம். அழுறதா இருந்தா வரிசையில எங்களுக்குப் பின்னாடி வந்து நில்லுங்க.

---

நேப்பர்வில்_அக்கா | வெள்ளி மதியம்

ஆம்பளைங்க ரெண்டு பேரும் "ரசிகர் கத்துறது எப்பவும் தப்பாத்தான் போகும்"ங்கிற மாதிரி கதையைக் கொண்டு போறீங்க. ஒரு சிகாகோ பேர்ஸ் ரசிகையா இதை ஒத்துக்க மாட்டேன்.

2017. எங்களுக்கு மூணாவது பிக். ரெண்டாவது இடத்துக்கு, ஒரே ஒரு படி ஏற, மூணாவது ரவுண்டு பிக் ரெண்டும் நாலாவது ரவுண்டு பிக் ஒண்ணும் கூடுதலாக் கொடுத்தோம். எடுத்தது மிட்செல் ட்ரூபிஸ்கிங்கிற குவார்ட்டர்பேக். மறுநாள் அந்தப் பையன் எங்க ஊர் கூடைப்பந்து அணி புல்ஸோட ஆட்டம் பார்க்கப் போனான், திரையில முகத்தைக் காட்டினதும் அரங்கம் முழுக்க ஊளை. பத்தாவது இடத்துல கான்சஸ் சிட்டி எடுத்தது யாருன்னு நான் சொல்லணுமா? பேட்ரிக் மஹோம்ஸ், இன்னைக்கு லீக்கோட பெரிய நட்சத்திரக் குவார்ட்டர்பேக். அன்னைக்கு ஊளையிட்டவங்க யாரும் நிபுணர் இல்லை, ஆனா சரியாச் சொன்னாங்க. ஒரு படிக்கு அவ்வளவு விலையான்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி.

அப்புறம் அண்ணாச்சி, உங்க ஊர்க்காரங்க நேத்து எங்க பேர்ஸ் எடுத்த கோல்ஸ்டன் லவ்லேண்ட் பேருக்குப் போட்ட கூச்சல் எங்க வீட்டு டிவியிலயே காது கிழிஞ்சுது. அதையும் தம்பிகிட்டச் சொல்லுங்க. எதிரணிக்குக் கத்துறதும் டிராஃப்ட்ல ஒரு பாகம்தான்.

---

பேப்பர்மில்_அண்ணாச்சி | வெள்ளி மாலை

அக்கா, பேர்ஸுக்குக் கத்தாம விட்டா என்னை ஊரை விட்டே தள்ளி வச்சிருவாங்க. அதுக்கு மன்னிப்புக் கிடையாது.

ஆனா நான் ரசிகர் எப்பவும் தப்புன்னு சொல்லல. அந்த ராத்திரிச் சத்தத்தை வச்சு ஆட்டக்காரனை எடை போட முடியாதுங்கேன். ஊளைக்கும் அப்படித்தான், கைதட்டலுக்கும் அப்படித்தான். எங்க ஊர்லயே ரெண்டுக்கும் சாட்சி இருக்கு.

1989. ரெண்டாவது பிக். டோனி மேண்டரிச், மிச்சிகன் ஸ்டேட்டு டேக்கிள் (குவார்ட்டர்பேக்கை எதிராளி நெருங்காம மறிச்சு நிக்கிறவன்). நான் அப்ப இந்தியாவுல பள்ளிக்கூடம் படிச்சிட்டு இருந்தேன், இது எங்க லைன் லீடர் சொல்லிக் கேட்டது. பத்திரிகை அட்டையில சட்டை போடாம நிக்கான், மலை மாதிரி உடம்பு, பேக்கர்ஸ்காரங்களுக்குத் தலைகால் புரியல. அவனுக்கு முன்னால போனது ட்ராய் எய்க்மன். பின்னால வரிசையா பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். முதல் அஞ்சு பேர்ல நாலு பேரு இன்னைக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல (ஜாம்பவான்களுக்கான கௌரவப் பட்டியல்) இருக்காங்க, பாக்கி ஒரு ஆளு நம்ம ஆளு. மூணு சீசனோட இங்க அவன் கதை முடிஞ்சுது. கல்லூரியில ஊக்கமருந்து போட்டதைப் பின்னால அவனே ஒத்துக்கிட்டான். பேரி சாண்டர்ஸ் டெட்ராய்ட்டுக்குப் போய்ப் பத்து வருஷம் நம்மளையே ஓட ஓட விரட்டினான். லைன் லீடர் இன்னைக்கும் அந்தப் பேரைச் சொன்னா காபியைக் கீழ வச்சிட்டு எழுந்து போயிருவாரு.

மறுபக்கம், நாங்க வாய்க்கு வந்தபடி திட்டின அந்த லவ். மூணு வருஷம் பெஞ்சுல உக்காந்தான். அந்தக் கோவத்துலயோ என்னவோ ராட்ஜர்ஸ் 2020லயும் 2021லயும் அடுத்தடுத்து எம்விபி வாங்கினாரு. 2023ல அவரு நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனதும் லவ் இறங்கினான். 32 டச்டவுன், எதிராளி கைக்குப் போன பந்து 11 மட்டும்தான். பிளேஆஃப்ல டல்லாஸுக்கே போய் 48-32. இப்ப நாலு வருஷத்துக்கு 220 மில்லியன் டாலர் ஒப்பந்தம். குரூப்புல அன்னைக்குக் கெட்ட வார்த்தை போட்ட அத்தனை பேரும் லவ் ஜெர்சி வாங்கிட்டாங்க. 2005ல ராட்ஜர்ஸை எடுத்தப்பவும் இதே பேச்சுதான் இருந்துச்சாம், குவார்ட்டர்பேக்கா பிரெட் ஃபார்வ் இருக்கும்போது இவன் எதுக்குன்னு.

அதுக்காக 2020 ஆத்திரம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், இதைக் கவனிச்சுக்கோங்க. 2021 ஜனவரியில, சூப்பர் பௌலுக்கு முந்தின ஆட்டத்துல, டாம்பா பே நம்ம லாம்போவுலயே வந்து 31-26ன்னு ஜெயிச்சிட்டுப் போனான். அஞ்சே பாயிண்டு. அன்னைக்கு இன்னொரு நல்ல ரிசீவர் இருந்திருந்தா? லவ் நல்லா வந்தான், அதுவும் நெசம். ராட்ஜர்ஸோட நல்ல காலத்துல ஒரு கோப்பை கைவிட்டுப் போச்சு, அதுவும் நெசம். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை அழிக்க முடியாது.

தம்பிக்கு ஒரு விஷயம் விட்டுப்போச்சு. இந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது. அஞ்சு லட்சத்துக்கு மேல பங்குதாரருங்க. 2021ல பங்கு வித்தப்ப 300 டாலருக்கு நானும் ஒண்ணு வாங்கினேன். லாபம் வராது, விக்க முடியாது, அதை வச்சு ஒரு டிக்கெட்டுகூடக் கிடைக்காது. ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன். வீட்டம்மா அதைத் துடைக்கும்போதெல்லாம் அந்தக் காசுக்கு ஒரு நல்ல கிரைண்டர் வந்திருக்கும்பா. ஜூலையில லாம்போவுல பங்குதாரர் கூட்டம் நடக்கும், ஜி.எம். பிரையன் குடகன்ஸ்ட் வந்து பேசுவாரு, நாங்க கேப்போம், கைதட்டுவோம், வீட்டுக்கு வருவோம். யாரை எடுக்கணும்னு ஒரு பய எங்ககிட்டக் கேக்க மாட்டான். முதலாளியும் நாங்கதான், வாயில்லாப்பூச்சியும் நாங்கதான். பேர் வாசிக்கிற அந்த ஒரு நிமிஷம்தான் எங்க ஓட்டு. அதான் அவ்வளவு சத்தம்.

---

ஆப்பிள்டன்_புதுவரவு | வெள்ளி மாலை

அண்ணாச்சி, இப்ப அந்தப் பெரியவரை நெனச்சா வெக்கமா இருக்கு, நான் கட்டை மாதிரி நின்னுட்டேன்.

கடைசியா ஒரு கேள்வி. உணர்ச்சியை ஓரமா வச்சிட்டுச் சொல்லுங்க. கோல்டன் நல்ல பிக்கா?

---

பேப்பர்மில்_அண்ணாச்சி | வெள்ளி மாலை

நல்ல பிக்குன்னுதான் நெனைக்கேன், ஆனா ஊரு நெனைக்கிற அளவுக்கு இல்ல.

வேகம் இருக்கு. 40 கெஜத்தை 4.29 வினாடியில ஓடினான். வாட்சன் எப்ப திரும்புவான்னு தெரியாத நேரத்துல மைதானத்தை நீட்டிப் பிடிக்க அப்படி ஒருத்தன் கட்டாயம் வேணும். போன வருஷம் டெக்சாஸுக்கு 58 பந்து பிடிச்சு 987 கெஜம், 9 டச்டவுன். ஆளு உயரம் கம்மி, ஆனா ரெண்டு பேரு நெருக்கினாலும் எம்பி எடுக்கான். நம்ம பயலுவ போன சீசன்ல கைக்கு வந்த பந்தையே தட்டி விட்டதைப் பாத்தவனுக்கு அது பெரிய ஆறுதல்.

என் தயக்கம் வேற. அவன் கல்லூரியில ஒரு வருஷம்கூட ஆயிரம் கெஜத்தைத் தொடல. ஊர்க்காரங்க அவனை நாளைக்கே எங்க பழைய நட்சத்திர ரிசீவர் ஸ்டெர்லிங் ஷார்ப் ஆக்கப் பாப்பாங்க. பந்து ஒண்ணுதான், கேக்கிற கை அஞ்சு. லவ் ஒரே ஆளுக்கு எறியிற பழக்கம் உள்ளவனும் இல்ல. முதல் சீசன்ல 600 கெஜம் ஓடினா எனக்குத் திருப்தி. ஊருக்கு இருக்காது. நவம்பர்ல இதே ஆளுங்க "இவனுக்கா முதல் ரவுண்டு"ன்னு ஆரம்பிப்பாங்க, ஆலையில நான் ரெண்டு பக்கமும் தலையாட்டிட்டு இருப்பேன்.

---

ப்ராட்_ஸ்ட்ரீட் | வெள்ளி இரவு

54வது பிக் வந்தாச்சு அண்ணாச்சி. ஆன்டனி பெல்டன், நார்த் கரோலினா ஸ்டேட், டேக்கிள். கொண்டாட்டம் எப்படி?

---

ஆப்பிள்டன்_புதுவரவு | வெள்ளி இரவு

நான் இன்னைக்கும் வந்திருக்கேன். யாரையாவது நானே கட்டிப் பிடிக்கலாம்னு தயாரா நின்னேன். என்னைச் சுத்தி நிக்கிறவங்க போனை எடுத்து "யாரு இவன்"னு தேடிட்டு இருக்காங்க.

---

பேப்பர்மில்_அண்ணாச்சி | வெள்ளி இரவு

டேக்கிளுக்கு யாரு தம்பி கட்டிப் பிடிப்பா. லவ் முதுகு தரையில படாம இருக்கணும்னா இவன்தான் வேணும், ஆனா அதை டிசம்பர்லதான் ஒத்துக்கிடுவாங்க. லைன் லீடர் குரூப்புல இப்பவே "மேண்டரிச்"னு ஒத்த வார்த்தை போட்டுட்டாரு. 87ல இன்னொரு பிக் இருக்கு, அதுவரைக்கும் நின்னு பாருங்க.

---

ஆப்பிள்டன்_புதுவரவு | வெள்ளி இரவு

87: சாவியன் வில்லியம்ஸ், டிசியூ (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்). அண்ணாச்சி, இவனும் ரிசீவராம்! ஒருத்தர் தொப்பியைத் தூக்கி எறிஞ்சுட்டார், அது எங்க விழுந்துச்சுன்னு இப்ப எல்லாரும் தேடுறோம்.